முழ நீள மணல்மேடு

தொண்ணூறுகளில் அருப்புக்கோட்டையில் மனநல ஆலோசனை அறை வைத்திருந்தேன். வாய்விட்டுப் பேச முடியாதவர்களுக்கு ஆற்றுமணல் நிரப்பிய மரத்தட்டும் சின்னப் பொம்மைகளும் கொடுப்பேன். அவர்கள் மணலில் அமைப்பதை வைத்து மனசைப் படிக்கலாம் என்பது நான் கற்ற வைத்தியம்.

நரிக்குடிப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். ஆறு வயது மகள் காய்ச்சலில் போனதிலிருந்து அவருக்குப் பேச்சே இல்லை. மூன்று வாரம் தட்டை வெறித்துக்கொண்டிருந்தார். நான்காம் வாரம் எந்தப் பொம்மையையும் தொடாமல், முழ நீளத்துக்கு மணலைக் கூட்டி மேடாக்கி, உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொடுத்தார். ‘கருப்பை, மறுபிறப்பு’ என்று சந்தோஷமாக நோட்டில் எழுதிக்கொண்டேன். படித்த மடையன்.

ஒருவர் அமைத்ததை அடுத்தவர் பார்க்கக் கூடாது என்பது எங்கள் விதி. அவர் படியிறங்கியதும் மணலை நிரவிவிட்டேன். மறந்துவைத்த பையை எடுக்கத் திரும்பி வந்தவர் தட்டைப் பார்த்து அப்படியே நின்றார். அன்றுதான் அவர் குரலைக் கேட்டேன்.

“பொம்பளைக மயானத்துக்கு வரக்கூடாதுன்னுட்டாக சார். எம்புள்ளையப் பொதச்ச எடத்த இங்கதான் பாத்தேன். அதையும் இல்லாம ஆக்கிட்டீகளே.”