அப்பாவின் இரண்டாவது முகமூடி: ஸ்ரீரங்கத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அழகாக்க மாட்டேன், எனக்குச் சாதகமாகத் திருப்பவும் மாட்டேன். அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். முப்பத்து மூன்று நாள் கதிர்வீச்சு; எங்கள் பக்கத்தில் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில் துணைக்கு நான் போனேன். அம்மா கடையைப் பார்த்துக்கொண்டார். பெண்பிள்ளையை எதற்கு அங்கெல்லாம் அனுப்புகிறீர்கள் என்று எதிர்வீட்டு மாமி கேட்டார். எனக்குப் பஸ் ஏறத் தெரியும், எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியும், வேறென்ன வேண்டும் என்று திருப்பிக் கேட்டேன்.

காலை 7.40க்கு ராஜகோபுரம் நிறுத்தத்தில் ஒன்றாம் நம்பர் பஸ். எனக்குக் கட்டணம் இல்லை, அப்பாவுக்குப் பன்னிரண்டு ரூபாய். மத்தியப் பேருந்து நிலையம் வரை பத்துக் கிலோமீட்டர், நாற்பது நிமிடம். அங்கிருந்து மருத்துவமனைக்கு ஷேர் ஆட்டோ. வழியில் சத்திரம் பேருந்து நிலையம் வந்ததும் அப்பாவின் பார்வை ஜன்னல் வழியே மலைக்கோட்டைப் பக்கம் திரும்பிவிடும். கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில்தான் எங்கள் தையல் கடை. எப்போது திரும்ப மிஷினில் உட்காருவோம் என்பதே அவர் நினைப்பு.

முகமூடி என்பது வலை மாதிரியான பிளாஸ்டிக். வெந்நீரில் இளக்கி, முகத்தில் வைத்து அழுத்தி அச்செடுப்பார்கள். தலை அசையாதபடி அதை மேசையோடு பூட்டிவிடுவார்கள். கதிர் எங்கே விழ வேண்டும் என்ற கணக்கெல்லாம் அச்செடுத்த அன்று இருந்த முகத்துக்கும் கழுத்துக்கும் போட்டதுதான்.

பத்தொன்பதாம் நாள் உள்ளே கூப்பிட்டதும் அப்பா வழக்கம்போல் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். மடிக்கும்போது உள்பக்கம் தெரிந்தது. பக்கவாட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று தையல். ஞாயிறுதோறும் தன் சட்டையைத் தானே பிடித்துத் தைத்திருக்கிறார்! அதனால்தான் அவர் இளைத்தது எங்கள் கண்ணில் படவில்லை. எடை பார்க்கும் திங்கட்கிழமைகளில் என்னை மருந்து வாங்க அனுப்பிவிட்டு வரிசையிலிருந்து நழுவியிருக்கிறார்.

கேட்டேன். அப்பாவுக்குக் குரல் பாதிதான் வந்தது.

"பேசாம இரு பாப்பா. இளைச்சது தெரிஞ்சா அச்சை மாத்துவாங்க. மாத்துனா திரும்ப ஒண்ணாம் நாள்லேருந்து."

காத்திருக்கும் கூடத்தில் யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். நான் பேசாமல் இருக்கவில்லை. சட்டையோடு போய், முகமூடி பூட்டும் டெக்னீஷியன் அண்ணனிடம் சொன்னேன்.

"சின்னப் புள்ள, ஏதோ உளறுது தம்பி" என்றார் அப்பா.

"உளறலப்பா. மூணு தையல் இருக்கு."

அண்ணன் முகமூடியைப் பூட்டி, கன்னத்தோரம் விரல் விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. "டைட்டா இருக்கான்னு தினம் கேட்டேனே ஐயா" என்றவர், அன்றைக்குக் கதிர் வைக்காமல் டாக்டரைக் கூப்பிட்டார். எடை ஆறு கிலோ குறைந்திருந்தது.

டாக்டர் அம்மா திட்டவில்லை. உடம்பு இளைத்தது மட்டுமல்ல, கழுத்துக் கட்டியும் சுருங்கியிருக்கிறது, அது நல்லதுதான் என்றார். ஆனால் பழைய கணக்கிலேயே போனால் கதிர் விழ வேண்டிய இடத்தில் குறையலாம், எச்சில் சுரப்பியிலும் தண்டுவடத்திலும் கூடலாம். எனவே புது முகமூடி, புது ஸ்கேன், புதுக் கணக்கு. அதற்கு மூன்று நாள். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: இதுவரை வைத்த பதினெட்டு நாளும் வீணா?

"பதினெட்டு பதினெட்டுதான் சார். அதை யாரும் கழிக்க மாட்டாங்க" என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டு வாசலில் வைத்துக் கேட்டார், "வீட்டு விஷயத்தை ஊருக்கெல்லாம் சொல்லுவியா?"

"மறுபடி லூசானா மறுபடியும் சொல்லுவேன்."

அவர் சம்மதத்தோடுதான் இதைப் போடுகிறேன். படித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "மூணு இல்ல, நாலு."

இதே வழியில் போகிறவர்களுக்கு: காலையில் பஸ்ஸின் வலப்பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. கூடத்தில் குளிரும், போர்வை எடுத்துப் போங்கள். எடை வரிசையை விடாதீர்கள். சாப்பாடு இறங்கவில்லை என்றால் அன்றைக்கே சொல்லுங்கள். நடுவில் கணக்கை மாற்றினால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. அப்படிச் சொல்கிறவர்களிடம் எதிர்த்துப் பேசுங்கள். நான் பேசினேன், ஒன்றும் ஆகவில்லை.

திங்கட்கிழமை புது முகமூடி. கதவு வரை வர என்னை விட்டார்கள். அண்ணன் பூட்டிவிட்டுக் கன்னத்தோரம் விரலை நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை. சுவரிலிருந்து வரும் பச்சை லேசர் கோடுகள் முகமூடியில் போட்ட புதுக் குறிகளின் மேல் விழுகின்றனவா என்று பார்ப்பதற்காக, அறையின் விளக்குகளை அணைத்தார்கள்.