கண்ணாடி சொன்ன பதில்

வெளியுறவு அமைச்சகத்தில் அவளுக்குக் கண்ணாடி என்று பட்டப்பெயர். மொழிபெயர்க்கும்போது ஒரு சொல் கூட்ட மாட்டாள், குறைக்க மாட்டாள். அமைச்சர் ‘நான்’ என்றால் இவளும் ‘நான்’ என்பாள். வெளிநாட்டுத் தூதர் ‘எங்கள் அரசு’ என்றால் இவளுக்கும் அது எங்கள் அரசுதான். ‘அவர் சொல்கிறார்’ என்று இழுப்பதெல்லாம் அந்தத் தொழிலில் கத்துக்குட்டி வேலை. பேச்சுவார்த்தை நடக்கும் நீள மேசையில் இரு தரப்பு ஏப்பத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மொழிபெயர்த்துவிட்டாள்.

தேர்தல் கேட்டு ஊர்வலம் போன அவள் தம்பி இரண்டு வருடமாகச் சிறையில் இருக்கிறான். அப்படியும் இவள் வேலை போகவில்லை. அவன் உள்ளே இருக்கும்வரை இவள் வாலாட்ட மாட்டாள் என்று மேலிடம் கணக்குப் போட்டிருக்கும். அம்மா வெளிநாட்டுத் தூதரக வாசலில் தவம் கிடந்து மனு கொடுத்தாள். அமைச்சரோடு அடுத்து நடக்கும் பேச்சுவார்த்தையில் அவன் பெயரைக் கட்டாயம் எடுப்பதாக அங்கே சொன்னார்கள். பேச்சுவார்த்தை அன்று காலையே தம்பியின் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டாள் அம்மா.

தூதர் சாது. சீர்திருத்தம் என்ற சொல்லைக்கூடத் தேன் தடவித்தான் நீட்டுவார். முகத்தை முறித்துக்கொண்டால் அப்புறம் யாரிடம் பேசுவது என்பது அவர் வாதம். அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. சுற்றி வளைத்து, டீ ஆறிப்போன பிறகு, தம்பியின் பெயரைச் சொன்னார். இவள் அதை அமைச்சருக்குச் சொன்னாள். அமைச்சர் தூதரைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்துப் பதில் சொன்னார்.

“அப்படி ஒருத்தன் எங்க சிறையில இல்ல.”

போன வாரம்தான் கம்பிக்கு அந்தப் பக்கம் அவனைப் பார்த்திருந்தாள். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். ‘பொய்’ என்று ஒரே ஒரு சொல் கூட்டினால் போதும். கூட்டினால் அவனை உயிரோடு விடுவார்களா? கண்ணாடி அந்தப் பதிலைத் தூதரின் மொழியில் அப்படியே சொன்னாள். தூதர் தலையாட்டிக் குறித்துக்கொண்டு, மீன்பிடி ஒப்பந்தத்துக்குப் போய்விட்டார்.

வீட்டில் அம்மா அவளைச் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை.

“தம்பி பேரைச் சொன்னாங்களாடி?”

“சொன்னாங்கம்மா. அப்படி ஒருத்தன் இங்க இல்லன்னு பதில் வந்துச்சு.”

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“எந்தப் பாவிடி வாய் கூசாம அப்படிச் சொன்னது?”

‘அவர் சொன்னார்’ என்று சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை.

“நான்தாம்மா சொன்னேன்.”