விளைமீனின் வயிற்றுக்குள் கிடந்தது

பட்டப்படிப்பு மாணவி ஒருத்தி ஆய்வுகூடத்துக்குள் கால் வைக்க அந்தக் காலத்தில் பட்ட பாடு இருக்கிறதே, சொல்லி முடியாது. விலங்கியல் துறையில் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். ஒருவர், "முதல்ல பரீட்சை முடிவு வரட்டும்" என்றார். இன்னொருவர் நான் வாயைத் திறக்கும் முன்பே தலையை ஆட்டிவிட்டார். மீன்கள் என்ன தின்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்த பேராசிரியர் மட்டும், எனக்கு ஊர் திருகோணமலை என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப லீவில விளைமீன்ர இரைப்பை கொஞ்சம் கொண்டு வாரும். பிடிச்ச உடன எடுத்துப் போமலின் மருந்தில போட வேணும். கொண்டு வந்தால் இடம் தாறன்."

மருந்தையும் போத்தல்களையும் அவரே தந்தார்.

மாமா இலங்கைத்துறையில் கடற்றொழில் செய்பவர். பிறகென்ன கவலை என்று லோஞ்சுப் படகில் மூதூருக்குப் போய், பஸ் ஏறி அங்கே இறங்கினேன். மீன் முழுசாக, குடலோடு வேண்டும் என்று மாமியிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "ஓம், ஓம்" என்றார்.

மறுநாள் காலையில் நான் எழும்பி வருவதற்குள், செதில் உரித்துக் குடல் எடுத்த மீன் சட்டியில் பளபளவென்று கிடந்தது. குடலைக் காகம் கொண்டுபோய்விட்டது.

"ஐயோ மாமி! குடலோட தாங்கோ எண்டெல்லோ சொன்னனான்?"

"என்ன கதை கதைக்கிறாய் பிள்ளை? வெட்டாத மீனைக் குடுத்துவிட்டால் கொம்மா என்னைப் பற்றி என்ன நினைப்பா?"

சொந்தக்காரருக்கு மீன் கொடுத்தால் துப்புரவாக்கித்தான் கொடுக்க வேண்டும். எங்கள் ஆட்களின் இந்த மரியாதையால் என் படிப்பே நாசமாகப் போகிறதே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் மாமி சிரித்த முகத்தோடு ஒரு கோப்பையை நீட்டினார். உள்ளே இரைப்பைகள். எல்லாவற்றையும் கீறி, புரட்டி, உப்புப் போட்டுத் தேய்த்து, வெள்ளை வெளேரென்று வைத்திருந்தார்.

"நீ கேட்ட குடல். வடிவாக் கழுவியிருக்கிறன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மாமி, அதுக்குள்ள கிடந்ததுதான் எனக்கு வேணும்!"

"ஊத்தையோ? ஊத்தை பாக்கவோ கம்பஸுக்குப் போனனீ?"

"ஓம் மாமி! ஊத்தைதான்!"

லீவு முடிகிற நாள். விடியும் முன்பே கரைக்கு ஓடினேன். தோணி வந்ததும் மீனை மாமாவிடமிருந்து பறித்து, மணலிலேயே குந்தியிருந்து வெட்டி, இரைப்பைகளைப் போத்தலில் போட்டேன். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமி பின்னாலேயே ஓடி வந்தார்.

"சனம் பாக்குது பிள்ளை. தா, ஒருக்காக் கழுவித் தாறன்."

போத்தல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கொடுக்கவே இல்லை.

பேராசிரியர் அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லது. திங்கட்கிழமையில இருந்து வாரும்." எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

திங்கட்கிழமை போனேன். தொட்டியில் குவிந்து கிடந்த ஊத்தைப் போத்தல்களைக் காட்டினார். அந்தத் தவணை முழுவதும் நான் செய்த ஆராய்ச்சி, அவற்றைக் கழுவியதுதான். மாமியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால், ஒரு கேள்வியும் கேளாமல் முதல் நாளே பேராசிரியர் அவரைச் சேர்த்திருப்பார்.