பேய் தாய் வீட்டுக்குப் போன பிறகு

அந்தப் பேய் நாடகத்தின் கடைசிப் பகுதியைக் குறை சொல்லுகிற எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன். நீங்கள் அதைப் பார்க்கவில்லை. பேய் பஸ்ஸில் ஏறிய அன்றைக்கே டிவியை நிறுத்திவிட்டு, மிச்சக் கதையை அடுத்த வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். கேட்டதை வைத்துத் திட்டுகிறீர்கள். நான் ஒரு நாள் விடாமல் பார்த்தவன். அதனால் எனக்குக் கோபம் வருகிறது. வந்த கோபத்தை அடக்கி வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

என் சொந்த ஊர் பனிச்சங்கேணி. கல்யாணம் முடித்து வந்தது செங்கலடிப் பக்கம், வாவியை ஒட்டிய ஒரு வளவுக்கு. அந்த வளவில் மூன்று வீடுகள், ஒரு கிணறு. வீடுகள் மூன்றும் என் மனைவியும் அவளுடைய அக்காவும் தங்கச்சியும் சீதனமாக வாங்கியவை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பெண் பிறந்த வளவிலேயே இருப்பாள். ஆண்தான் உடுப்புப் பையோடு வந்து சேருவான். ஆகவே வீடு அவளுடையது, டிவி அவளுடையது, ரிமோட்டும் அவளுடையது. இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

பகலெல்லாம் நான் கராஜில் மோட்டார் சைக்கிள் திருத்துவேன். அவள் தையல் மெசினில் இருப்பாள். பின்னேரம் வந்தால் பிள்ளைகள், டியூசன், சமையல். ஏழு மணிக்கு நாடகம். அந்த அரை மணித்தியாலம் மட்டும்தான் இரண்டு பேரும் ஒரே மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். பயம் வந்தால் அவள் என் கையைப் பிடிப்பாள். பயமே இல்லாத இடத்திலும் பிடிப்பாள். நானும் அதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் விட்டுவிடுவாள்.

கதை இந்தியாவில் எடுத்தது. மாமியார் மருமகளைக் கிணற்றில் தள்ளிக் கொல்கிறாள். மருமகள் பேயாக வந்து அந்த வீட்டை ஆட்டி வைக்கிறாள். புருசன்காரன் தாய்க்குப் பின்னால் கம்பம் மாதிரி நிற்கிறான். இதுதான் இரண்டு வருசமாக நடந்தது. எங்கள் வளவு முழுக்கப் பேயின் பக்கம். ஏனென்றால் அந்த வீடு பேயின் வீடு என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

சிரிக்க வேண்டாம். நாடகத்தில் யாரும் வீடு யாருடையது என்று சொல்லவில்லை. கல்யாணம் முடித்த பெண் ஒரு வீட்டில் இருந்தால் அது அவளுடைய வீடு. வேறு எப்படி யோசிக்கிறது? "அவள்ட வீட்டில வந்து ஒட்டிக்கிட்டு இருந்து, அவளையே தள்ளினவள்! பேய் சும்மா விடுமா?" என்று என் மனைவியின் அக்கா பல்லைக் கடிப்பாள். மாமியாரைப் பெட்டியோடு கேற்றுக்கு வெளியே தள்ளுகிற நாளுக்காக வளவே காத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் பேய் அந்த வீட்டுக் கூடத்தில் நின்று, "இது என் வீடு இல்லை, என் அம்மா வீட்டுக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தது. சுவரைத் துளைத்துக்கொண்டு போகவில்லை. கதவைத் திறந்துகொண்டு போனது. தெருவில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டியது. இருக்க இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

எங்கள் வளவில் அன்றைக்கு இழவு விழுந்த மாதிரி.

"என்ன கா இது? அப்ப இவ்வளவு காலமும் ஆர்ட வீட்டுக்கு கா இவள் சண்டை பிடிச்சவள்?" என்று அக்கா தன் வாசலில் நின்று கத்தினாள். பெண்கள் தங்களுக்குள் 'கா' போட்டுப் பேசுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"மாமிக்காரிர வீட்டுக்காம்," என்று தங்கச்சி தன் வாசலிலிருந்து சொன்னாள். "விசர்ப் பேய்."

என் மனைவி டிவியை நிறுத்தினாள். அடுத்த நாள் ஏழு மணிக்கு அக்கா வீட்டுக்குப் பாட்டுப் போட்டி பார்க்கப் போய்விட்டாள். அதற்கு அடுத்த நாளும் போனாள். வாங்கில் நான் தனியே இருந்தேன்.

எனக்கு அவள் திரும்பி வந்து பக்கத்தில் இருக்க வேண்டும். அதுதான் என் பிரச்சினை. ஆனால் அதற்காக நான் நாடகத்தைப் புகழவில்லை. நாடகம் உண்மையிலேயே அதற்குப் பிறகுதான் நன்றாக இருந்தது.

கதை நகரவில்லை என்கிறார்கள். முன்னே எங்கே நகர்ந்தது? கதவு தானாகத் திறக்கும். விளக்கு அணையும். மாமியாரின் முகத்தை மூன்று தரம் காட்டுவார்கள், ஒரு தரம் சும்மா, ஒரு தரம் சிவப்பாக, ஒரு தரம் பச்சையாக. மந்திரவாதி வெட்டுகிற தேசிக்காயிலிருந்து இரத்தம் வரும். அடுத்த நாள் அதே கதவு. அதுவா நகர்வு?

தாய் வீட்டில் பேய் வாசலில் வந்து நிற்கிறது. தாய்க்காரி பயப்படவில்லை, அலறவில்லை. மகளை மேலும் கீழும் பார்த்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறாள். பிறகு இரண்டு பேரும் இருந்து மீன் வெட்டுகிறார்கள். அந்த நாள் முழுக்க மீன்தான். இடையில் தாய் ஒரே ஒரு தரம், "தண்ணீர் குளிராக இருந்ததா?" என்று கேட்பாள். மகள் "ஓம்" என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுச் செதிலைச் சுரண்டுவாள். இரண்டு வருசமாக அந்தக் கொலையைப் பற்றி எத்தனை பேர் கத்தினார்கள். ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. நான் தனியே இருந்து மூக்கைச் சீறினேன். அக்கா வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அந்தக் கம்பம், புருசன்காரன், ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மனைவியின் தாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். நாட்டில் எல்லாருக்கும் பிடிக்காமல் போனது இந்த இடம்தான். கராஜுக்கு வருகிறவர்கள் கூட, "பேயோட குடும்பம் நடத்துறானாமே" என்று இளித்தார்கள். ஒருத்தனுடைய பிளக்கை இறுக்காமலே அனுப்பினேன். பிறகு மனம் கேட்காமல் பின்னால் ஓடிப்போய் இறுக்கிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் அக்கா வீட்டில் நண்டுக் கறியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்காவின் புருசன், ஓட்டமாவடியில் அரிசி ஆலையில் வேலை செய்கிறவர், நண்டுக் காலைக் கடித்துக்கொண்டே தொடங்கினார்.

"தம்பி, உன்ட பேய்க்கு பஸ்ஸில சீட் கிடைச்சிச்சா?"

"கிடைக்கல்ல அண்ணன். உங்களப் போல ஒராள் காலை நீட்டிக்கிட்டு இருந்தார்."

"அத விடு. அந்தப் புருசன்காரன் என்ன மனிசன்டா? பெண்டாட்டிர தாய் வீட்டில போய்க் கிடக்கிறான். ஆம்பிளைக்கு ஒரு மானம் வேணாமா?"

நான் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அண்ணன், நீங்க இப்ப சாப்பிடுறது ஆர்ட வீட்டில?"

அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பிறகு தன் மனைவியைப் பார்த்தார். அவள் அகப்பையோடு நின்றாள்.

"அது வேற," என்றார்.

"என்ன வேற? சொல்லுங்க கேப்பம்," என்றாள் அக்கா.

என் மனைவிக்குச் சிரிப்பில் சோறு மூக்கில் ஏறிவிட்டது. தங்கச்சி அவள் தலையில் தட்டத் தட்ட இன்னும் சிரித்தாள். அண்ணன் மட்டும் மிகக் கவனமாக நண்டு தின்றார்.

அன்று பின்னேரம் அவள் தைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்த மனிசன் இப்பயும் அங்கதான் இருக்கிறானா?"

"ஓம்."

"தாய்க்காரி ஒண்டும் சொல்லல்லயா?"

"மீனில பெரிய துண்டை அவனுக்கு வைக்கிறா."

அடுத்த நாள் ஏழு மணிக்கு அவள் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. ஊசியும் நூலுமாக அறை வாசலில் நின்று பார்த்தாள். அன்றைக்குக் கதையில் அந்த மனிதன் விடியற்காலையில் எழும்பி, முகம் கழுவ வாளி எங்கே இருக்கிறது என்று தெரியாமல், யாரிடமும் கேட்கவும் வெட்கப்பட்டுக்கொண்டு முற்றத்தைச் சுற்றுகிறான். பேய் ஜன்னலால் பார்த்துச் சிரிக்கிறது. முழு நாடகத்திலும் அது சிரித்தது அப்போதுதான்.

என் மனைவி வந்து வாங்கில் இருந்தாள்.

"நீங்களும் இப்படித்தான்," என்றாள். "வந்த புதிசில தண்ணி கேக்க வெக்கப்பட்டுத் தாகத்தோட கிடந்தீங்க."

"அது உனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா நான் தண்ணிச் செம்பைக் கொண்டந்து உங்கட தலைமாட்டில வெச்ச?"

இத்தனை வருசம் அந்தச் செம்பு அந்த வீட்டு வழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "விளம்பரம் முடிஞ்சு போச்சு, பேசாமப் பார்," என்றேன்.

கடைசி நாளுக்கு வளவு முழுக்க எங்கள் வீட்டில் கூடியது. கதையில் மழை வருகிறது, தாயும் பேயும் புருசன்காரனும் மூன்று பேருமாக ஓடிப்போய்க் கொடியில் கிடந்த உடுப்பை எடுக்கிறார்கள். முடிந்தது. அவ்வளவுதான்.

"முடிஞ்சா? இதுக்கா நாங்க வந்த?" என்றாள் அக்கா. "அந்த மாமிக்காரிக்கு ஒரு தண்டனையும் இல்லையா?"

நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி எழும்பிவிட்டாள்.

"என்ன தண்டனை கா? அவள் அந்தப் பெரிய வீட்டில தனியக் கிடக்கிறாள். இவள் தாயோடயும் புருசனோடயும் மீன் வெட்டுறாள். பாக்காம கதைக்கக் கூடா! கதவு திறக்கிறதும் லைற் நூருறதும்தானா உங்களுக்குக் கதை?"

"அதெல்லாம் நான் சொன்னது," என்றேன்.

"நீங்க சொல்லி ஆர் கேட்ட?"

எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. அண்ணன் என் தோளில் தட்டிவிட்டு நழுவினார்.

இப்போது அவள் தான் தவறவிட்ட நாட்களையெல்லாம் தேடிப் பார்க்கிறாள். டிவியில் இனி வராது, ஃபோனில்தான் பார்க்க வேண்டும். ஃபோன் திரை சின்னது. ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்தால்தான் இரண்டு பேருக்கும் தெரியும். மீன் வெட்டுகிற நாள் வந்தபோது அக்கா தன் வாசலில் நின்று, பாட்டுப் போட்டி தொடங்கிவிட்டது என்று இரண்டு தரம் கூப்பிட்டாள்.

"வரல்ல கா," என்று இவள் கத்தினாள். கத்தியது என் காதுக்குள்.