சரோஜாக்கா கிணற்றுக்குள் போன வைக்கோல் கட்டுகள்

1. கை சுட்ட கதை

பேலர் ஓட்டிய முதல் நாள், முதல் கட்டோடு என் தோள் துண்டையும் சேர்த்து அந்த மெஷின் கட்டிவிட்டது. குனிந்து எட்டிப் பார்த்தேன், துண்டு போய்விட்டது. நல்ல வேளை, துண்டோடு போயிற்று. டிராக்டரை நிறுத்திவிட்டு வந்த டிரைவர் செல்வம், கட்டைப் பிரித்து எடுக்கட்டுமா என்று கேட்டான். "வேணாம்பா, நம்ம முதல் கட்டு. ராசியா இருக்கட்டும்" என்றேன். அந்தக் கட்டை யார் வாங்கினார்களோ, அவர்கள் மாட்டுக்குத்தான் தெரியும்.

அதற்கு முன்பு ஆத்தூரில் அண்ணனோடு ஜவுளிக் கடையில் இருந்தேன். மாட்டுக்கும் எருமைக்கும் நிறம்தான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான். அறுப்பு முடிந்த வயல்களில் வைக்கோலைக் கொளுத்துவதைப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்துப் பார்த்து, சும்மா எரிகிற சரக்கு நமக்குச் சோறு போடுமே என்று தோன்றியது. லோன் போட்டு பேலர் வாங்கினேன். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற மெஷின் அது. அறுப்பு மெஷின் விட்டுப்போன வைக்கோலை வாரி, அழுத்தி, கயிறு கட்டி, பெரிய செங்கல் மாதிரி சதுரமாகப் பின்னால் தள்ளும்.

"துணின்னா மடிச்சா மடிச்ச எடத்துல கெடக்கும்டா சிராஜ். புல்ல நம்பி எறங்குறியே" என்றார் அண்ணன். அவர் வாயை அடைக்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் எல்லாம் நடந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் மழை கட்டிக்கொண்டு நின்றது. வைக்கோல் இன்னும் காயவில்லை, ஒரு வெயில் பார்க்கலாம் என்று செல்வம் சொன்னான். மேலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காஞ்சுதான் இருக்கு, ஓட்டு" என்றேன். துணிக்கடைக்காரன் கை, மேலாகத்தானே தொடும்.

அந்த லோடு ராசிபுரத்துக்கு மேற்கே சரோஜாக்கா தோட்டத்துக்குப் போயிற்று. அவர் வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போனால் திரும்ப ரொம்ப நாளாகும். மாடுகளும் காடு கழனியும் அக்கா பொறுப்பு. நாங்கள் போனபோது அவர் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்தார். வருவதற்குள் முழு லோடையும் இறக்கி, தோட்டத்து மூலையில் பழைய கிணற்றுக்குப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அழகாக அட்டி போட்டுவிட்டோம். வந்தவர் ஒரு கட்டைப் பிடித்து நடுவில் கையை நுழைத்தார்.

"ஏனுங்க பாய், இப்படி வந்து கைய உட்டுப் பாருங்க. இட்லிச் சட்டியாட்டம் சுடுது."

விட்டுப் பார்த்தேன். சுட்டது. ஈரத்தோடு கட்டினால் உள்ளே புழுங்கி, சூடேறி, பூஞ்சை பிடித்துவிடும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். பேலர் வாங்குவதற்கு முன்பு கற்றுக்கொண்டிருக்க வேண்டிய பாடம்.

"இதத் தின்னா என்ற செனை மாடு என்னத்துக்காவும்? எடுத்துட்டுப் போயிருங்க சாமி" என்றார். கோபப்படக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

"ரெண்டு நாள்ல எடுத்துடறேங்க்கா" என்றேன்.

2. நான் கண்டுபிடித்த உபயோகங்கள்

எடுத்து எங்கே போடுவது? ஆத்தூருக்குக் கொண்டு போனால் அண்ணன் பார்ப்பார். அதனால் மாதிரிக்கு ஒரு கட்டை டூவீலரில் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு, வைக்கோலால் ஆகும் காரியங்களை ஊர் ஊராகச் சொல்லப் புறப்பட்டேன்.

அஸ்தம்பட்டியில் மொட்டை மாடியில் காளான் வளர்க்கும் ஒரு தம்பதி இருந்தார்கள். அந்தம்மா கட்டை முகர்ந்துவிட்டு, "இதுல ஏற்கெனவே காளான் வந்துடுச்சுங்களே, நாங்க என்னத்த வளக்கறது?" என்றார்.

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்காரரிடம், குஞ்சுகளுக்கு அடியில் மெத்தை மாதிரி பரப்பலாம் என்றேன். அவர் கேட்டையே திறக்கவில்லை. "பூஞ்சக் காத்து பட்டா குஞ்சு தாங்காதுங்க. வண்டியத் திருப்பி நிறுத்திட்டுப் பேசுங்க" என்றார். வண்டியைத் திருப்பி நிறுத்தியபின் பேச எதுவும் இருக்கவில்லை.

ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கிறவர் இன்னும் மரியாதையாகச் சொன்னார். "உங்க வைக்கோல எரிக்கிறதுக்கு நான் தனியா வெறகு வாங்கணுமுங்களே பாய்."

ஒரே ஒருத்தர் மட்டும் எடுத்துக்கொண்டார், கல்யாண போட்டோகிராபர். கிராமத்து செட்டிங் வேண்டுமாம். மாப்பிள்ளை, பெண் இருவரையும் கட்டின் மேல் உட்கார வைத்துப் படம் பிடித்தார். எல்லாப் படத்திலும் பெண் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்ததாம். கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதற்கிடையில் சரோஜாக்கா போன் வந்துகொண்டே இருந்தது. "எப்பங்க பாய் எடுப்பீங்க?" "நாளைக்குங்க்கா." நடுவில் மழை வேறு பெய்து, கட்டுகள் குடித்த தண்ணீருக்குக் கணக்கில்லை. இனி ரெண்டு பேரால் தூக்கவும் முடியாது என்று செல்வம் சொல்லிவிட்டான்.

3. செவலை

ஒரு காலை, சரோஜாக்கா தோட்டத்துக்குப் பக்கத்து ஊரில் நல்ல காய்ந்த கட்டாக ஒரு லோடு ஏற்றி நிறுத்தியிருந்தோம். கரூர் பக்கம் ஒரு பால் பண்ணைக்குப் போக வேண்டியது. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் வருஷம் முழுக்க எடுத்துக்கொள்வதாக அவர்கள் சொல்லியிருந்தார்கள். அப்போது போன் அடித்தது. சரோஜாக்கா. எடுத்ததும், அவர் பேசுவதற்கு முன்பே, "நாளைக்குக் கண்டிப்பா எடுத்துடறேங்க்கா" என்றேன்.

"கட்டு கெடக்குதுங்க! என்ற செவல கெணத்துக்குள்ள உழுந்துருச்சுங்க பாய். டிராக்டர எடுத்துட்டு ஓடியாங்க!"

லோடு டிரெய்லரைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு, வெறும் டிராக்டரில் ஓடினோம்.

கரை கட்டாத பழைய கிணறு. பாதி வரை கல்லும் மண்ணும் கொட்டித் தூர்த்தது போக, மீதி இரண்டு ஆள் ஆழம் இருக்கும். அடியில் மழைத் தண்ணீரும் சேறும். அதற்குள் அக்காவின் செனை மாடு செவலை நின்றுகொண்டிருந்தது. இடிச் சத்தத்தில் மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி விழுந்ததாம். நிறைமாசம். வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. கால்கள் நடுங்கின. மேலே பார்த்து ஒரு குரல் கொடுத்தது. தூக்கிவிடச் சொல்கிறது என்று மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே புரிந்தது.

ஃபயர் சர்வீஸ் வண்டி ஈரக் காட்டில் வர முடியாமல் ரோட்டிலேயே நின்றுவிட்டது. ஆட்கள் ஏணியும் கயிறும் பெல்ட்டும் தூக்கிக்கொண்டு நடந்தே வந்திருந்தார்கள். எங்கள் டிராக்டரில் பெல்ட்டைக் கட்டி இழுக்கலாம் என்று பேச்சு. அக்கா வரவழைத்திருந்த கால்நடை டாக்டரம்மா குறுக்கே வந்தார்.

"வயித்துல பெல்ட் போட்டுத் தூக்காதீங்க. இன்னிக்கோ நாளைக்கோங்கற மாடு. கன்னும் போயிரும், மாடும் போயிரும்."

"அப்ப எப்படிங்கம்மா?" என்றார் ஃபயர் ஆபீசர்.

"அதுவா நடந்து வந்தாத்தான் உண்டு. ஆனா சீக்கிரம். தண்ணிக்குள்ள படுத்துருச்சுன்னா அப்புறம் எந்திரிக்காது."

சரோஜாக்கா கிணற்று ஓரத்தில் உட்கார்ந்து, "படுக்காத சாமி, படுக்காத தங்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்று பின்னாளில் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். நடந்தது இதுதான். எனக்குக் கிணற்றுக்குள் சரியாகத் தெரியவில்லை. எட்டிப் பார்க்கலாம் என்று என்னுடைய அட்டியின் மேல் ஏறினேன். மழையில் ஊறிய வைக்கோல் வழுக்கியது. அட்டியின் ஒரு பக்கம் அப்படியே சரிந்து, நாலைந்து கட்டு தடதடவென்று கிணற்றுக்குள் விழுந்தது. பின்னாலேயே நானும் போயிருப்பேன். செல்வம் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான்.

"யோவ், யாருய்யா அந்த ஆளு! மாட்டு மேல விழுந்திருந்தா?" என்று ஆபீசர் கத்தினார். சரோஜாக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை.

அப்போது கீழே, செவலை விழுந்து கிடந்த ஒரு கட்டை முகர்ந்து பார்த்தது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கி அதன் மேல் வைத்தது. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு காலையும் வைத்தது.

டாக்டரம்மாதான் முதலில் வாய் திறந்தார். "காஞ்ச கட்டா இருந்தா மிதந்துருக்கும். இது அப்படியே அமுந்து நிக்குது பாருங்க."

என் சரக்கைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

அதற்குப் பிறகு எனக்கு வேலை தூக்குவது மட்டும்தான். இரண்டு ஃபயர்காரர்கள் ஏணியில் இறங்கினார்கள். ஊர்க்காரர்களும் நாங்களும் கயிற்றில் கட்டி ஒவ்வொன்றாக இறக்க, அவர்கள் ஒரு பக்கமாகப் பரப்பி மிதித்தார்கள். மாடு அதில் ஏறி நின்றதும், மற்றப் பக்கத்தில் அதைவிட ஒரு கட்டு உயரமாக அடுக்கினார்கள். மாடு அதற்கு மாறியது. இப்படியே படி படியாக. ஒவ்வொரு படிக்கும் சரோஜாக்கா குரல் கொடுப்பார், அது யோசிக்கும், பிறகு ஏறும். அவசரப்படுத்திய ஒரு ஃபயர்காரர் மேல் சாணி போட்டது.

மேலே வர இன்னும் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம் பாக்கி இருக்கும்போது கட்டு தீர்ந்துவிட்டது. செவலைக்கு மூச்சு வாங்கியது. பின்னங்கால் மடங்கப் பார்த்தது.

செல்வம் என்னைப் பார்த்தான். "பாய், கரூர் லோடு நிக்குது."

உடனே எடுத்து வா என்று சொல்லிவிட்டதாக எழுதத்தான் ஆசை. உண்மையில், "வேற எங்கயாச்சும் கெடைக்குமா?" என்று கேட்டேன். அவன் டிராக்டர் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். கீழே மாடு மறுபடியும் ஒரு குரல் கொடுத்தது. "போ, கொண்டா" என்றேன்.

காய்ந்த கட்டுகள் வந்தன. அடியில் ஈரக் கட்டு திடமாக இருந்ததால் மேலே இவை அசையாமல் உட்கார்ந்தன. கடைசிப் படியில் செவலை நின்றுவிட்டது, எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. அதற்குப் பிடித்த தீனி ஏதாவது இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டதும், சரோஜாக்கா கறக்கும்போது வைக்கும் தவிட்டுச் சட்டியை ஓடிப்போய்க் கொண்டுவந்து மூக்குக்கு நேரே நீட்டினார். ஒரு உந்து உந்தி, சேறும் வைக்கோலுமாக மேலே வந்து நின்றது. வந்ததும் சட்டிக்குள் தலையை விட்டுத் தின்னத் தொடங்கியது. சரோஜாக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். ஃபயர் ஆபீசரும் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். வைக்கோல் தூசி என்றார்.

4. பட்டம்

மூன்றாம் நாள் போன் வந்தது. "கெடாரிக் கன்னுங்க பாய். தாயும் புள்ளையும் நல்லா இருக்குது." இந்தத் தடவை 'நாளைக்கு' என்று சொல்லாமல், அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

கரூர்காரர்கள் லோடு வராத காரணத்தைக் கேட்டார்கள். கிணறு, மாடு என்று சொன்னதும், தொழிலில் கேட்ட சாக்கிலேயே இது புதுசு என்றார்கள். டாக்டரம்மாவைப் பேசச் சொல்லித்தான் நம்ப வைத்தேன். அடுத்த லோடு எடுத்துக்கொண்டார்கள்.

கிணற்றுக்குள் கிடந்த கட்டுகளை எடுத்துக்கொள்ளச் சொல்லி சரோஜாக்கா கேட்கவில்லை. மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டார். மட்கி அமுங்க அமுங்க இன்னும் மண் போட்டார். இப்போது அந்த இடத்தில் வாழை நிற்கிறது.

எனக்கு 'கெணத்து பாய்' என்று பெயர் வந்துவிட்டது. முதலில், நானே யோசித்துச் செய்த மாதிரி சிரித்துக்கொண்டு நின்றேன். எங்கே போனாலும் செல்வம் உண்மையைச் சொல்லிவிடுகிறான், காலரைப் பிடித்த கையோடு நடித்தும் காட்டுகிறான். அதனால் அதையும் விட்டுவிட்டேன். அண்ணன் மட்டும் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "வழுக்கி விழறதுக்கும் ஒரு எடம் பாத்து விழுந்திருக்கடா" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

இப்போது புதிதாக பேலர் வாங்கும் பிள்ளைகள், கட்டை எதற்கெல்லாம் விற்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். வைக்கோல் காயும் வரை கட்டாதீர்கள் என்று முதலில் சொல்கிறேன். அடுத்து, மாதிரிக் கட்டை வண்டியில் வைத்துக்கொண்டு போய், இது இதற்காகும் அதற்காகும் என்று அடுக்காதீர்கள் என்கிறேன். நான் அப்படிப் போன இடத்தில் எல்லாம் கேட்டை மூடினார்கள். இன்றைக்கு வெறுங்கையோடு போகிறேன். தொழுவத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு என்னங்க சிரமம் என்று கேட்கிறேன். ஒருத்தர் இஞ்சிப் பாத்தியில் ஈரம் காய்கிறது, மேலே மூடாக்குப் போட ஒன்றும் இல்லை என்பார், இன்னொருத்தர் வெயிலில் கொட்டாய் கொதிக்கிறது, கூரை மேல் என்ன போடலாம் என்பார். பாதிப் பேருக்கு என் கட்டு வேண்டியிருக்கும். மீதிப் பேரிடம் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.