நூல் கழன்ற பாத்திரம்

கிறிஸ்தவச் சபையில் சேர்ந்ததற்காக ஊரில் மாமனார் வீடு எங்களைத் தள்ளிவைத்தது. சரி, போகட்டும் என்று சுரங்க வேலைக்குத் தங்க வயலுக்கு வந்து, கூலிக்காரர்கள் குடியிருக்கும் பாலகாட் லைனில் ஒரு தகரக் குடிசை பிடித்தோம். இங்கே கர்த்தருடைய வீட்டிலும் எங்களுக்குத் தனி இடம் என்று அப்போது தெரியாது.

திருவிருந்தில் திராட்சரசம் குடிக்க இரண்டு பாத்திரங்கள் இருந்தன. இரண்டும் ஒரே அச்சில் வார்த்த பித்தளை. எங்கள் சாதிக்காரர்கள் குடிக்கிற பாத்திரத்தின் காம்பில் கறுப்பு நூல் கட்டியிருக்கும். நூல் இல்லாதது மேஸ்திரி வகையறாவுக்கு. மேஸ்திரி சுரங்கத்தில் என் புருஷனுக்கு மேலாள், சபையிலும் அவர் வைத்ததுதான் சட்டம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரே பாத்திரம் வருகிறவரை திருவிருந்தைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நமக்கெதற்கு வம்பு என்றார் என் புருஷன். அவர் போய்க் குடிப்பார். நான் ஞானஸ்நானம் வாங்கியும் ஒரு சொட்டு ரசம் அறியாதவள். ஆனாலும் ஒரு ஞாயிறும் தவறியதில்லை. எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுவேன். அவர்கள் கட்டிய நூலுக்காக நான் ஏன் கர்த்தரை விடவேண்டும்?

இதில் வேடிக்கை, இரண்டு பாத்திரங்களையும் துலக்குகிற வேலை எனக்குத்தான். கழுவ என் கை ஆகும், குடிக்க என் வாய் ஆகாது.

ஒரு சனிக்கிழமை புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் பார்க்கிறேன், நூலைக் காணோம். தண்ணீரோடு போய்விட்டது. எது எங்களுடையது என்று எனக்கே தெரியவில்லை. ஏதாவது ஒன்றில் புது நூலைக் கட்டியிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. ஊசியிலிருந்து நூலை உருவிக்கூட விட்டேன். கர்த்தருடைய பந்திக்குப் பொய்யைக் கட்டி அனுப்பக் கை வரவில்லை.

மறுநாள் போதகர் ரசம் ஊற்றப் போனபோது எழுந்து நின்றேன்.

"ஐயா, கழுவுறப்ப நூலு கழண்டு போச்சுங்க. எது யாருதுன்னு எனக்குத் தெரியலீங்க."

மேஸ்திரி எழுந்து வாசலை நோக்கி நடந்தார். அவர் வெளியே போனால் பாதிச் சபை பின்னால் போகும். என் புருஷனுக்கு வேலையும் போகும். அவரோ தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அவரருகே வந்ததும் மேஸ்திரி நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இன்னாத்த மறைக்கிறது? சுரங்கத்துல கீழ லெவல்ல, அந்தச் சூட்டுல, தெனமும் இவன் கலயத்துலதான் நான் தண்ணி குடிக்கிறேன். இவன் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

என்னிடமும் சொன்னதில்லை, பாவி மனுஷன்.

மேஸ்திரி திரும்பிப் போய் பீடத்தின் முன் முழங்கால் போட்டார். நான் விடுவேனா? நேராகப் போய் அவர் பக்கத்தில் முழங்கால் போட்டேன். போதகர் ஒரே ஒரு பாத்திரத்தில் ரசம் ஊற்றினார். மேஸ்திரி குடித்தார். அவர் வாய் வைத்த இடத்திலேயே நானும் வாய் வைத்துக் குடித்தேன். எனக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது.