இலுப்பைப் பொந்தில் ஒரு இருவாச்சி

ஆசியாவின் வரைபடம் கூடத்துத் தரையில் விரிந்து கிடந்தது. காற்றில் பறக்காமலிருக்க அதன் மூலைகளில் தையல் கத்தரிக்கோல், நூல்கண்டு டப்பா, என் டிபன் பாக்ஸ், ஒரு செங்கல். போர்னியோவை ஆரஞ்சு நிறப் பென்சிலால் நிரப்பிக்கொண்டிருந்த நான், பக்கத்தில் தையல் மெஷினின் சத்தம் நின்றுபோனதைக் கவனிக்கவில்லை. ஒரு விரல் நீண்டு வந்து பர்மாவின் தெற்கே, கடலை ஒட்டிய ஓரத்தில் நின்றது. அதன் நுனியில் ஊசி குத்திய பழைய தழும்புகள்.

“இங்கதான் நான் பொறந்தேன். இங்க மட்டும் இன்னாத்துக்கு இவ்ளோ கலர் அடிச்சி வெச்சிருக்கற?” என்று கேட்டார் அக்கா.

அவர் எனக்கு வீட்டுக்கார அம்மா. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். தெருவே பர்மா அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கும் அக்கா ஆனார். எண்பதுகளின் தொடக்கம் அது. திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளராக எனக்கு வேலை கிடைத்திருந்தது. என் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். சனிக்கிழமை ஊருக்கு ரயிலேற வசதி என்று விழுப்புரத்திலேயே தங்கி, தினமும் காலை ரயிலில் திண்டிவனம் போய்வந்தேன். திருவாமாத்தூர் போகும் சாலையில், ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருந்தது அக்காவின் வீடு. முன்னறையில் அவர் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருப்பார். பக்கத்து அறை எனக்கு.

கல்லூரியில் ஒரு கண்காட்சி வரவிருந்தது. ஆளுக்கொரு பொருள் என்றார்கள். மாணவியாக மேற்கு மலைக்குச் சுற்றுலா போனபோது பார்த்த இருவாச்சிப் பறவையை என்னால் மறக்க முடிந்ததில்லை. அதனால் ஆசியாவில் எந்த இருவாச்சி எங்கே வாழ்கிறது என்று வரைபடம் போடுவதாகச் சொல்லிவிட்டேன். போடத் தொடங்கிய பிறகுதான் அது எத்தனை பெரிய குடும்பம் என்பது உறைத்தது. முப்பதுக்கும் மேற்பட்ட வகைகள், வகைக்கொரு நிறம் என்றால் பென்சில் பெட்டியே போதாது. நம் நாட்டில் ஒன்பது. அவற்றில் நான்கு தெற்கே. மலபார்ச் சாம்பல் இருவாச்சி மேற்கு மலைத்தொடரை விட்டு ஓர் அடி வெளியே வைப்பதில்லை. இலங்கைக்கென்று தனியாக ஒரு சாம்பல் இருவாச்சி உண்டு. கழுத்து செம்பழுப்பான ஒன்று இமயத்தின் கிழக்குச் சரிவில் தொடங்கிப் பர்மா வழியாகப் போகிறது. அலகின் மேல் காண்டாமிருகக் கொம்பு போல வளைந்த கொண்டையுள்ளது மலாயாவிலும் சுமத்ரா, போர்னியோ முதலிய தீவுகளிலும் மட்டும். பிலிப்பைன்ஸில் தீவுக் கூட்டத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு வாழ்கின்றன. நார்கொண்டாம் என்று அந்தமானுக்கு அப்பால் ஒரு குட்டித் தீவு இருக்கிறது. அந்தத் தீவின் இருவாச்சிக்கு உலகத்தில் வேறு எங்குமே வீடு கிடையாது. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி விழுந்தது பர்மாவில்தான்.

இதையெல்லாம் சொன்னேன். அக்கா நார்கொண்டாமைத் தேடி விரலை நகர்த்தினார். “கப்பல்ல இந்தப் பக்கமாத்தான் வந்திருப்போம். எனக்கு அப்பக் கண்ணு எங்க தெரிஞ்சிது? வாந்தி எடுத்துக்கினே வந்தேன்” என்றார். பிறகு வரைபடத்தின் ஓரத்தில் நான் வரைந்திருந்த பெரிய இருவாச்சியைப் பார்த்தார். “இது அவுக்சின் இல்ல? எங்க ஊருல அப்டித்தான் சொல்வாங்க. மேல போச்சுன்னா நம்ம லோகோ ஷெட்டு இஞ்சின் கணக்கா ஒரு சத்தம் வரும் பாரு, புஸ்ஸு புஸ்ஸுன்னு.”

எனக்குச் சிலிர்த்தது. பெரிய இருவாச்சியின் இறக்கைச் சத்தத்தை நீராவி எஞ்சினோடு ஒப்பிட்டு நான் படித்திருந்தேன். இந்த அம்மா அதைக் கேட்டே வளர்ந்திருக்கிறார்.

“அதும் மாதிரி ஒண்ணு நம்ம பின்னால எலுப்ப மரத்துக்கும் வந்துகினு போய்க்கினு இருக்குதே” என்றார் அடுத்து, வெகு சாதாரணமாக.

நான் நம்பவில்லை. கடலோரச் சமவெளியில் எங்கள் பகுதியை நான் ஏறக்குறைய வெள்ளையாகவே விட்டிருந்தேன். மறுநாள் ஞாயிறு; வரைபட வேலைக்காக அந்த வாரம் நான் ஊருக்குப் போகவில்லை. விடிந்ததும் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். வீட்டுக்குப் பின்னால் தரிசு நிலத்தில் ஒரு கிழட்டு இலுப்பை. சிறிது நேரத்தில் ஒரு பறவை, பருந்தளவு இருக்கும், சாம்பல் நிறம், நீண்ட வால், வளைந்த அலகின் மேல் சின்னக் கூர்மையான கொண்டை, அலையலையாக ஏறி இறங்கிப் பறந்து வந்து மரத்தண்டைப் பற்றிக்கொண்டது. தொண்டையிலிருந்து அரசம்பழம் ஒன்றை அலகின் நுனிக்குக் கொண்டுவந்து, தண்டில் இருந்த ஒரு கீறலுக்குள் நீட்டியது. உள்ளிருந்து இன்னோர் அலகு அதை வாங்கிக்கொண்டது.

சாம்பல் இருவாச்சி. நம் பக்கத்துச் சமவெளியில் வாழ்வது இது ஒன்றுதான். அன்று காலை வரைபடத்தில் விழுப்புரத்தின் மேல் நான் வைத்த புள்ளியைப் போல வேறெதுவும் அந்த வேலையில் எனக்கு மகிழ்ச்சி தரவில்லை.

ஆனால் அக்காவோடு அதற்கே சண்டை வந்தது. தம் ஊர்ப் பறவைதான் இங்கேயும் வந்துவிட்டது என்பது அவர் கட்சி. இல்லை, அது வேறு, இது வேறு என்றேன். “எல்லாம் ஒரே சாதிதான், போ” என்றார். அவரைச் சமாதானப்படுத்தத்தான் அதைச் சொன்னேன்: “உங்க ஊர்ப் பெரிய இருவாச்சியும் இங்க இருக்குக்கா. அதே வகை, கொஞ்சமும் மாறல. நடுவுல இவ்வளவு தூரம் ஒண்ணும் கிடையாது. ஆனா மேற்க நம்ம ஆனைமலையில இருக்கு.”

“ஆனைமலைன்னா? பொள்ளாச்சியாண்டயா?”

“ஆமா. ரயிலேறினா மறுநாள் பாத்துடலாம். விடுமுறை வரட்டும், போவோம்.”

அவர் முகத்தில் ஏதோ வந்து போனது. “நான் எங்க வர்றது” என்று சொல்லிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தார்.

ஏன் என்பதை எதிர் வீட்டுக்காரர்தான் சொன்னார். ரயில்வேயில் பயர்மேன் அவர். எஞ்சினுக்குக் கரி வாரிப் போட்டுக் காய்த்த கை, எப்போதும் சிரிக்கத் தயாரான வாய். அறுபதுகளில் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பிய காலத்தில் அக்காவைக் கப்பலேற்றிவிட்டு, கடையைக் கைமாற்றிவிட்டுப் பின்னாலேயே வருவதாகச் சொன்னாராம் அவருடைய கணவர். அவருக்குத் தெரிந்த விலாசம் அக்காவின் அப்பா கட்டிய இந்த வீடு மட்டும். வரவில்லை. இறந்தார் என்றும் சேதியில்லை, இருக்கிறார் என்றும் சேதியில்லை. “வளவனூருல தம்பி இருக்கறான். கரும்பு, நெல்லு, நல்லா இருக்கறான். அவன் கல்யாணத்துக்குக் கூடத் தாலி கட்டனதும் கெளம்பி வந்துடுச்சிம்மா. இத்தினி வருசத்துல ஒரு ராத்திரி வெளிய தங்குனது இல்ல” என்றார் பயர்மேன்.

பெண் இருவாச்சி முட்டையிடும் முன் தன் கழிவாலும் மண்ணாலும் பொந்தின் வாயைத் தானே பூசி அடைத்துக்கொள்ளும் என்று நான் விளக்கியபோது அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்ததற்கு அப்போதுதான் எனக்குக் காரணம் புரிந்தது. “அவன் பூசல? அதுவேவா?” என்று ஒரே ஒரு முறை கேட்டிருந்தார்.

சித்திரை வெயில் ஏறிய நாட்களில் ஒரு மாலை நான் திண்டிவனத்திலிருந்து திரும்பியபோது மெஷினில் ஆள் இல்லை. அக்கா பின்கட்டில் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து ஆண் பறவை வரவில்லை என்றார். மறுநாளும் வரவில்லை. கவண்கல்லா, மின்கம்பியா, வேறென்னவோ, இன்றுவரை தெரியாது. கீறலில் அவ்வப்போது ஓர் அலகு நுனி தெரிந்தது. பிறகு மறைந்தது.

“ஒடைச்சி விட்டுடலாம்” என்றார் அக்கா. “பயர்மேன் வூட்டுல ஏணி இருக்குது. சுத்தியால ரெண்டு தட்டு தட்டுனா வந்துடப் போவுது. எதுக்கு உள்ள கெடந்து சாவணும்?”

“வேண்டாம்க்கா. உள்ள போனதும் அதுக்கு இறக்கை இறகெல்லாம் உதிர்ந்துடும். புதுசு முளைச்சிக்கிட்டு இருக்கும். இப்ப வெளியில விட்டா பறக்காது. பூனை புடிச்சிடும். குஞ்சு வேற இருக்கும்.”

“எறக்க இல்லாமயா கெடக்குது?”

“ஆமாக்கா.”

அவர் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆண் வராவிட்டால் என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. கடைசியில் அவரே சொன்னார்: “அப்ப அவன் செஞ்சத நாம செய்யணும். அவ்ளோதான?”

பயர்மேன் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். “இன்னாமா இது, பேஜாரா போச்சே. இஞ்சினுக்குத் தீனி போட்டு வந்தா இங்க குருவிக்குமா?” என்று சொல்லிக்கொண்டே ஏறினார். மூங்கில் குச்சியின் நுனியைப் பிளந்து அதில் அரசம்பழத்தைச் செருகி நீட்டினோம். உள்ளிருந்த அலகு பழத்தைத் தொடவில்லை, குச்சியைக் கொத்தியது. மாலையிலும் அப்படித்தான். மறுநாள் அக்கா தானே ஏறுகிறேன் என்றார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியின் உச்சியில் நின்று, குச்சியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, எனக்குப் புரியாத பர்மியச் சொற்களை மெல்ல முணுமுணுத்தார். கை கடுத்திருக்கும். குச்சியை இறக்கவில்லை. திடீரென்று குச்சியின் நுனி வெறுமையாக இருந்தது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பயர்மேன் “எடுத்துக்கிச்சா?” என்று கத்தினார். “கத்தாதய்யா” என்றார் அக்கா. அவர் கண்ணிலிருந்து நீர் வடிந்து கன்னத்தில் இறங்கியதைத் துடைக்க அவருக்குக் கை இல்லை.

அதன்பின் அது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. அரசம்பழம், ஆலம்பழம், பிறகு வேப்பம்பழம். குஞ்சுக்குப் பூச்சியும் வேண்டும் என்றேன். ஷெட்டிலிருந்து வரும் வழியில் பயர்மேன் வயல் வரப்பில் வெட்டுக்கிளி பிடித்து டிபன் கேரியரில் போட்டுக்கொண்டு வருவார். ஜாக்கெட் வாங்க வந்த பெண்கள் காத்திருந்துவிட்டுத் திட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவில் அந்தக் கோடை முழுக்க, காலையில் ஒருவரையொருவர் பார்த்தால் கேட்கும் முதல் கேள்வி, “துன்னுச்சா?”

முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, பொந்தின் வாயிலிருந்து பூச்சு துண்டு துண்டாக விழத் தொடங்கியது. உள்ளேயிருந்து அது உடைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் கொல்லைக் கதவோரம் நின்றோம். தலை வந்தது, பிறகு தோள், பிறகு நசுங்கி மடிந்த வால். மேலே இருந்த கிளையில் உட்கார்ந்து வெகுநேரம் இறக்கைகளை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டது. புத்தம் புது இறக்கைகள். பறந்தது. போய்விட்டது என்றே நினைத்தோம். ஆனால் வெயில் ஏறுவதற்குள் அலகில் பழத்தோடு திரும்பி வந்து, உள்ளே இருந்த குஞ்சுக்குக் கொடுத்தது. உள்ளே எத்தனை குஞ்சுகள் பொரித்தனவோ தெரியாது. சில நாள் கழித்து வெளியே வந்தது ஒன்றுதான். அதையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் வயல்களைத் தாண்டி மேற்கே போய்விட்டது.

இப்போது அந்தச் சாலை அகலமாகிவிட்டது. இலுப்பை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். நான் ஓய்வு பெற்றுத் திண்டிவனத்திலேயே தங்கிவிட்டேன். கைப்பேசியைத் தட்டினால் எந்த இருவாச்சியை எங்கே யார் பார்த்தார்கள் என்று திரையில் வந்துவிடுகிறது. நான் பென்சிலால் நிரப்பிய எல்லைகள் பல இடங்களில் தவறு என்று தெரிகிறது. சில இனங்களுக்குப் பெயரே மாறிவிட்டது. காடுகள் சுருங்கியதில் பல நிறங்கள் சுருங்கிவிட்டன. பர்மா அக்கா தம்பி வீட்டில், வளவனூரில், பிள்ளைகள் சூழ்ந்திருக்கக் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அவருடைய கணவரைப் பற்றிக் கடைசிவரை எந்தச் சேதியும் வரவில்லை.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாங்கள் இருவரும் ஆனைமலைக்குப் போனோம். பெரிய இருவாச்சியை ஒரு ஜோடியாகவே பார்த்தோம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆனால் அக்காவை நினைத்தால் எனக்கு மலை ஞாபகம் வருவதில்லை. கிளம்பிய காலைதான் வருகிறது. நான் கேட்கவில்லை, அவரேதான் முந்தின வாரம், “டிக்கெட்டு ரெண்டா எடு” என்று சொல்லியிருந்தார். தோளில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் கதவைச் சாத்திப் பூட்டினார். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். தெருவைத் தாண்டிப் போய்ச் சாவியைப் பயர்மேனிடம் கொடுத்தார்.

பயர்மேன் சாவியை வாங்கிக்கொண்டு தயங்கினார். அவர் முகத்தில் அன்று சிரிப்பு இல்லை. “யாராவது வந்தாங்கன்னா இன்னா சொல்லட்டும்?” என்று கேட்டார்.

யாராவது என்று அவர் யாரைச் சொன்னார் என்பது மூன்று பேருக்கும் தெரியும். அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“ஊருக்குப் போயிருக்குதுன்னு சொல்லு. வந்துடும், அதுவரிக்கும் உக்காந்துகினு இருக்கச் சொல்லு” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “ஜல்தி வா, வண்டி போயிடப் போவுது” என்று முன்னால் நடந்தார்.